பக்கத்து நாடுகளும் கிழக்கும்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். பிறந்தது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை, இப்போது இருப்பது கல்லடி. வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். வயல் வரம்பில் நின்று அவர்களின் தகப்பன்மார் கேட்பார்கள். இந்தியா, சீனா, ஜப்பான் என்று பெயர் மாறும். ஆனால் கேள்வியின் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்த நாடுகள் கொழும்போடு வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கலில் கிழக்கில் இருக்கிற எங்களுக்கு என்ன? திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இலங்கை எந்த நாட்டின் பக்கம்? ஆளுக்கொரு கதை சொல்கிறார்களே?

ஆட்சிக்கு ஆட்சி சாய்வு மாறியிருக்கிறது. 1948இல் சுதந்திரம் கிடைத்தபோதும் திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்தது. பண்டாரநாயக்க அதை 1957இல் திரும்பப் பெற்றார். அதன் பிறகு அணிசேராக் கொள்கை. 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பிலேயே நடந்தது. 1977க்குப் பின் ஜே.ஆர். ஜெயவர்தன மேற்குப் பக்கம் சாய்ந்தார், இந்தியாவோடு மனக்கசப்பு வந்தது. போர் முடிந்த கையோடு சீனா நெருக்கமானது. 2022இல் கையில் டொலர் இல்லாமல் நின்றபோது இந்தியா ஓடி வந்தது. இப்போதைய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2024 டிசம்பரில் முதலில் டில்லிக்குப் போனார். அடுத்த மாதமே பீஜிங் போனார். அந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்றைய கொள்கை விளங்கும்.

சீனா அம்பாந்தோட்டைத் துறைமுகத்தோடுதானே வந்தது?

இல்லை. அதற்கு நெடுங்காலம் முந்தியே வந்துவிட்டது. இதை வேளாண்மை செய்கிற குடும்பத்துப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இந்த நாடு சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு வெளியில் இருந்துதான் வந்தது, அதிலும் பர்மாவில் இருந்து. 1950களின் தொடக்கத்தில் கொரியப் போரால் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. எங்களுடைய இறப்பர் விலையோ விழுந்தது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்தவர் ஆர்.ஜி. சேனாநாயக்க. அவர் சீனாவோடு பேசி, 1952 டிசம்பரில் இறப்பர்–அரிசி உடன்படிக்கையை முடித்தார். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். இறப்பருக்குச் சந்தையை விடக் கூடிய விலை, அரிசிக்குக் குறைந்த விலை.

இதில் இரண்டு விசயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அன்றைக்கு ஆட்சியில் இருந்தது கம்யூனிசத்தை எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி. சீனாவோடு இராஜதந்திர உறவுகூட இருக்கவில்லை, அது 1957இல்தான் வந்தது. இரண்டு, இதனால் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. அப்படி இருந்தும் இலங்கை பின்வாங்கவில்லை. வயிற்றுக்குச் சோறு வேண்டும் என்ற இடத்தில் கொள்கை வழிவிட்டது. உடன்படிக்கை ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டு ஓடியது.

அதே காலத்தில்தான் கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் வந்தது. சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீரில் அம்பாறையில் புதுக்காணிகள் விளைந்தன. அந்தக் குடியேற்றம் தமிழ் பேசும் மக்களின் மனத்தில் வைத்த காயம் பெரியது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

காலியில் கிடைத்த சீனக் கல்வெட்டில் தமிழ் இருக்கிறது என்பது உண்மையா?

உண்மை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டு தேதியிட்டுக் கொண்டுவந்த கல் அது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரை வணங்கிக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கானது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. மூன்றிலும் பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைப் பட்டியல் இருக்கிறது.

பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கல் தேய்ந்துபோய் இருக்கிறது, எழுத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஒரு பிள்ளை கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "சேர், அந்தக் காலத்திலேயே எங்களுக்கும் எழுதியிருக்கிறார்களே" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். 2021 மே மாதம், சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு அமைந்த நூலகம் ஒன்றின் பெயர்ப்பலகை திறக்கப்பட்டது. சிங்களம், ஆங்கிலம், சீனம் மூன்றும் இருந்தன. நாட்டின் அரசகரும மொழியான தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு பலகையை அகற்றினார்கள். 600 ஆண்டுக்கு முன் கடல் தாண்டி வந்தவருக்கு இந்தத் தீவில் தமிழும் பேசப்படுகிறது என்று தெரிந்திருந்தது.

செங் ஹ வெறும் காணிக்கையோடு போய்விடவும் இல்லை. 1411இல் இங்கே ஆட்சி செலுத்திய அழகக்கோனாரோடு போரிட்டு, அவரைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். காணிக்கை வந்த அதே கடல்வழியால் படையும் வந்தது.

சீனக் கடனால்தான் நாடு விழுந்ததா?

அப்படி ஒரே வரியில் சொல்ல முடியாது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 டிசம்பரில் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் கொடுத்தார்கள், 112 கோடி டொலர் கிடைத்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் வெளிநாட்டுக் கடனில் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற இறைமைப் பிணைமுறிகள், அதாவது அரசின் கடன் பத்திரங்கள். வரிக் குறைப்பு, கொரோனா, வெறுமையான டொலர் கையிருப்பு எல்லாம் சேர்ந்துதான் 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்க வைத்தன. கடன் மறுசீரமைப்பில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கின. சீனா தனியாகப் பேசியது. இரண்டு பக்கமும் 2024 ஜூனில் உடன்பாடு வந்தது.

2021 பசளைப் பிரச்சினையில் எந்த நாடு உதவியது, எந்த நாடு ஏமாற்றியது?

படுவான்கரையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2021 நடுப்பகுதியில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடை செய்தது. பதிலுக்குச் சீன நிறுவனம் ஒன்றிடம் சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், வாங்க ஒப்பந்தம் போட்டது. மாதிரியைப் பரிசோதித்த தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு, பயிருக்குக் கேடான கிருமி இருக்கிறது என்றது. கப்பல் கடலில் நின்றது. பணம் கொடுப்பதை நீதிமன்றம் தடுத்தது. உடனே மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது சீனத் தூதரகம். கடைசியில் ஒரு பிடி பசளைகூட வயலுக்கு வராமல் 67 இலட்சம் டொலர் கொடுத்துத்தான் பிரச்சினையை முடித்தார்கள்.

இடையில் 2021 நவம்பரில் இந்தியா விமானத்தில் நனோ யூரியாவைக் கொண்டுவந்து இறக்கியது. தடையும் நீங்கியது. ஆனால் அதற்குள் பெரும்போக நெற்செய்கை தொடங்கிவிட்டது. எங்கள் குடும்ப வயலில் அந்த முறை நடந்து பார்த்தேன். வழக்கமாகக் கரும்பச்சையாக நிற்க வேண்டிய பயிர், இலை நுனியில் இருந்து மஞ்சளித்துக்கொண்டு வந்தது. மட்டம் வெடிக்கவில்லை, பக்கக் குருத்துகள் வரவில்லை. வரம்பில் நின்று பார்த்தால் பயிருக்கு இடையில் தண்ணீர் தெரிந்தது. அந்த மாதத்தில் அப்படித் தெரியவே கூடாது. அறுவடையில் மூடைக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது.

அடுத்த ஆண்டு ஜூலையில், இந்தியாவின் கடன் வசதியில் 44,000 தொன் யூரியா வந்தது. அதே ஆண்டு பின்பகுதியில் சீனா விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் டீசல் நன்கொடை கொடுத்தது. இரண்டுமே உதவிதான், இரண்டையும் நன்றியோடு வாங்கினோம். அதற்கு முந்திய தவறு கொழும்பில் எடுத்த முடிவு. அந்த முடிவை எடுக்கும்போது கமக்காரர் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

1987 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் கிழக்குக்கு என்ன சொன்னார்கள்?

ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் 1987 ஜூலை 29இல் கொழும்பில் கையொப்பமிட்டார்கள். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணையும். இணைந்திருப்பதா, பிரிவதா என்று கிழக்கு மக்களிடம் 1988 முடிவதற்குள் வாக்கெடுப்பு நடத்தப்படும். அதைத் தள்ளிப்போட ஜனாதிபதிக்கு அதிகாரமும் உண்டு. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. இணைப்பு செல்லாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, 2007 தொடக்கத்தில் கிழக்கு தனி மாகாணமானது. எங்களிடம் கேட்பதாகச் சொன்ன கேள்வியை யாரும் கேட்கவில்லை. இணைத்ததும் எங்களைக் கேட்டு அல்ல, பிரித்ததும் எங்களைக் கேட்டு அல்ல.

ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை பற்றித் தெளிவாக எழுதினார்கள். இந்தியாவுக்குப் பாதகமாக அந்தத் துறைமுகத்தை வேறு நாட்டுக்கு விடக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை, அதாவது சேமிப்புத் தாங்கிகளை, இரு நாடும் சேர்ந்து புனரமைக்கும் என்று இருந்தது. 99 குதங்கள் பற்றிய அந்தப் பேச்சு 2022 ஜனவரி ஒப்பந்தம் வரை இழுபட்டது.

அந்த மேசையில் இருந்தது இரண்டு அரசுகள். கிழக்கின் தமிழரோ, அம்பாறை முஸ்லிம்களோ கையொப்பமிட்ட தரப்பில் இல்லை. பின்னர் வந்த பல மனக்கசப்புக்கு இதுவும் ஒரு வேர்.

நல்லது ஒன்றும் நடந்தது. 1987 நவம்பரில் வந்த 13ஆம் திருத்தம் மாகாண சபையைக் கொண்டுவந்தது, தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. தேர்தல் பிறகு நடக்கவில்லை.

இந்திய அமைதிப்படைக் காலத்தை இங்குள்ள மூத்தவர்கள் ஏன் பேச விரும்புவதில்லை?

வரவேற்கப் போனவர்களே அழுத காலம் அது. அந்த ஒப்பந்தத்தின்படி அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் 1987 அக்டோபரில் போர் மூண்டது. இடையில் அகப்பட்டது சனம். மட்டக்களப்பைச் சேர்ந்த தாயான அன்னை பூபதி, போரை நிறுத்திப் பேச வேண்டும் என்று கேட்டு மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் 1988 மார்ச் 19இல் உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கினார். ஏப்ரல் 19இல் இறந்துபோனார். காந்தி பிறந்த நாட்டை நோக்கி, காந்தியின் வழியிலேயே வைத்த கோரிக்கை அது. படை 1990 மார்ச்சில் திரும்பியது. அடுத்த ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அங்குள்ள மக்களின் மனமும் மாறியது.

அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இருக்கும்போதே பேசவைத்துப் பதிவு செய்யுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

ஜப்பான் எதற்காக எங்களுக்குப் பாலம் கட்டித் தந்தது?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை அதிகம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல் இன்னும் எங்கள் கடலின் அடியில்தான் கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1951 செப்டம்பரில், சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜே.ஆர். ஜெயவர்தன பேசினார். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்றார். ஜப்பான் அதை மறக்கவில்லை. பின்னர் பல ஆண்டுகள் இலங்கைக்கு அதிகமாக உதவிய நாடுகளில் அதுவும் ஒன்று.

எங்கள் ஊருக்கு வந்தது என்ன? ஜப்பானின் உதவியில் கல்லடிப் புதுப்பாலம் 2013இல் திறக்கப்பட்டது. பக்கத்தில் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. அடுத்த ஆண்டு மண்முனைப் பாலமும் வந்தது. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருப்பவர்களுக்கு அதன் அருமை முழுதாகத் தெரியாது. பாலத்துக்கு முன்பு மண்முனைத் துறையில் பாதையில்தான், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவையில்தான், வாவியைக் கடப்போம். நெல் மூடை, சைக்கிள், கோழிக்கூடு, வெள்ளைச் சட்டையோடு பள்ளிப் பிள்ளைகள், எல்லாம் ஒரே தட்டில். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் வெயிலில் காத்திருக்க வேண்டும். மாரியில் காற்று அடித்தால் பாதை ஓடாது. இரவில் பிள்ளைப்பேற்று நோவு கண்டால் அந்த வீட்டில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது துறைதான். இப்போது கொக்கட்டிச்சோலையில் ஏறி ஒரே மூச்சில் ஆரையம்பதிப் பக்கம் வந்துவிடலாம். குருமண்வெளியில் இருந்து மண்டூர் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதை என்றால் என்ன என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

இந்தியாவோடு எங்களுக்கு இருக்கிற பண்பாட்டு உறவு சினிமா மட்டும்தானா?

சினிமா மேலே தெரிவது. கீழே வேர் நிறைய இருக்கிறது.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை எடுங்கள். சென்னை இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர்தான். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல் 1947இல் தமிழ்நாட்டில் அரங்கேறியது, அதே ஆண்டு காலமானார். இந்தியாவில் இருந்து எடுத்துக்கொண்டு மட்டும் வரவில்லை, அங்கே கொடுத்துவிட்டும் வந்தார். கல்லடி உப்போடையில் அவர் தொடங்கிய சிவானந்தா வித்தியாலயத்தைக் கடந்துதான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது வழக்குரை பாடுவார்கள், குளிர்த்தி பாடுவார்கள். மதுரையை எரித்தவளின் கோபத்தைக் கிழக்கிலங்கையில் குளிரவைக்கிறோம். அதே அம்மனைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். தாய்வழியாகக் குடி பார்க்கும் எங்கள் வழக்கம் கேரளத்து மருமக்கள் தாயத்தை நினைவூட்டும்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடி ஏறுகிறது. அது நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரில் ஏறும் கொடி. அவர் அடங்கியிருப்பது தமிழ்நாட்டில், கொடி பறப்பது அம்பாறை மாவட்டத்தில். இதையெல்லாம் எந்தத் தூதரகமும் ஏற்பாடு செய்யவில்லை. கப்பலேறிப் போய்வந்த சனம் கட்டிய உறவு.

பௌத்த நாடுகளோடு உள்ள உறவில் தமிழருக்குத் தொடர்பு இல்லையே?

இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இங்கு பிக்குகளுக்கு முழுத் துறவு அளிக்கும் உபசம்பதா வழக்கம் அற்றுப்போனபோது, சீயம் நாட்டில் இருந்து உபாலி தேரரை வரவழைத்தவர் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அவர் மதுரை நாயக்கர் வழி வந்தவர், பிறப்பால் சைவர். 1753இல் அந்தத் துறவிகள் வந்து இறங்கியது திருகோணமலையில். சியம் நிகாய என்ற இன்றைய பிக்குகள் பிரிவின் தொடக்கம் அதுதான். இன்றைய தாய்லாந்து உறவுக்கு, 2024 பெப்ரவரியில் செய்த சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் உட்பட, அடித்தளத்தில் இந்தக் கதை இருக்கிறது.

பாகிஸ்தான், பங்களாதேஷ் எல்லாம்?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1971 போரின்போது பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் எரிபொருள் நிரப்ப இலங்கை இடம்கொடுத்தது, இந்தியாவுக்கு அது பிடிக்கவில்லை. 2005 முதல் பாகிஸ்தானோடு சுதந்திர வர்த்தகம் இருக்கிறது. பங்களாதேஷ் 2021இல் 20 கோடி டொலர் கைமாற்றுத் தந்தது, 2023இல் திருப்பிக் கொடுத்துவிட்டோம். தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு 2014க்குப் பிறகு கூடவில்லை.

கச்சதீவும் இழுவைப் படகும் எங்கள் பிரச்சினையா?

கச்சதீவு 1974 உடன்படிக்கையில் இலங்கைக்கு வந்தது. இந்திய இழுவைப் படகால் அடிபடுவது பெரும்பாலும் வடக்கு மீனவர். எங்களுடைய கவலை வேறு. வாழைச்சேனையில் இருந்தும் கல்முனைக் கரையில் இருந்தும் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இயந்திரம் பழுதாகி, நீரோட்டம் இழுத்து, அந்தமான், மியன்மார்ப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு வெளியுறவு என்றால், பிடிபட்ட ஆளைத் திருப்பி அனுப்பும் ஒரு கடிதம்.

படிப்புக்கு வெளிநாட்டு வாய்ப்பு இருக்கிறதா?

இந்திய, சீன, ஜப்பான் அரசுகள் மூன்றும் ஆண்டுதோறும் புலமைப்பரிசில் அறிவிக்கின்றன. உயர்கல்வி அமைச்சின் இணையத்தளத்தையும் தூதரகங்களின் அறிவிப்பையும் பாருங்கள், முடிவுத் தேதிக்கு முதல் நாள் என்னிடம் ஓடி வராதீர்கள். கொரியாவுக்கு வேலைக்குப் போவதென்றால் மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இடைத்தரகருக்குச் சல்லி கொடுக்க வேண்டாம்.

சரி, நாங்கள் இந்தியாவின் பக்கம் நிற்பதா, சீனாவின் பக்கமா?

இந்தக் கேள்வியே எங்களைப் பார்வையாளராக்குகிறது என்று நினைக்கிறேன். சின்ன நாடு எல்லோரோடும் பழக வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. நான் கேட்பது வேறு. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி வந்தபோது ஏழு உடன்பாடுகள் கையெழுத்தாகின. பாதுகாப்பு ஒத்துழைப்பு அதில் ஒன்று, கிழக்கு மாகாணத்துக்கான நன்கொடைத் திட்டங்கள் இன்னொன்று. கிழக்கின் பெயரிலேயே ஒரு தாள், அதைக் கையெழுத்திடும்போது கிழக்கில் மக்கள் தெரிந்தெடுத்த மாகாண சபை இல்லை. உடன்பாடுகளின் வாசகத்தை உடனே வெளியிடவும் இல்லை. எந்த நாடு என்றாலும் எனக்கு ஒன்றுதான்: கையொப்பம் வைப்பதற்கு முன்பு வாசகம் தமிழிலும் வெளிவர வேண்டும், அதை வாசித்துக் கருத்துச் சொல்ல எங்களுக்கு நேரம் வேண்டும்.

அதைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா? எப்படிக் கேட்பது?

இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், வேலை தொடங்க மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் விபரம் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அமைச்சரைக் கடமைப்படுத்துகிறது. உங்கள் ஊரில் பாலமோ, வாய்க்காலோ, மின்திட்டமோ வெளிநாட்டுக் காசில் வருகிறது என்றால் கேளுங்கள்.

உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதலாம். கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வெளிநாட்டு உறவு கெடும் என்று மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பொதுநலன் பெரிது என்றால் அதையும் மீறிக் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், மேன்முறையீட்டுக்கு அதுதான் கைமுதல். எழுதத் தெரியாது, உதவி வேண்டும் என்றால் சனிக்கிழமை வகுப்பு முடிய வாருங்கள், சேர்ந்து எழுதலாம்.